செருப்புக் கலரும் சிவப்பு உதடும்

பார்லர் சாவியை உங்கள் கையில் கொடுத்த அன்று, என் பழைய ஐ ஷேடோ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூன்று பேரும் சிரித்தீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பெட்டியில் இருபத்துநான்கு கட்டங்கள். பச்சை, நீலம், ரோஸ், கத்திரிப்பூ எல்லாம் பாதிக்குமேல் அப்படியே இருக்கின்றன. பழுப்பு மட்டும் அடித் தகரம் தெரியத் தேய்ந்துபோயிருக்கிறது. "அக்காவுக்கு வேற கலரே புடிக்காது போல" என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். யார் என்று சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும்.

அந்தக் கட்டம் தேய ஆரம்பித்தது ஒரு ரிசப்ஷன் சாயங்காலத்தில். அன்றைக்கு நான் செய்த தப்பையும், அதைவிட மோசமாக வாயை மூடிக்கொண்டு நின்ற அரை நிமிஷத்தையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கண்ணுக்குக் கோடு இழுக்கும்போது கை நடுங்கத் தொடங்கியதால்தான் கடையை விட்டேன். இனிமேல் என் பெயர் கெட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்குத் தொழிலில் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூரில் கல்யாணம் என்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மண்டபம் பிடிப்பார்கள் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். எனக்கு ஒரே ஒரு சூத்திரம் தெரியும். புடவை என்ன நிறமோ அதையே இமையில் பூசிவிடுவேன். பச்சைப் புடவைக்குப் பச்சை இமை, நீலப் புடவைக்கு நீல இமை. ஒருத்தரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் எல்லாப் பெண்களுக்கும் உதட்டில் லேசான ரோஸ்தான் போடுவேன். உதடு அடக்கமாக இருந்தால் கண்ணில் எதைப் போட்டாலும் ஒப்பேறிவிடும். அடர்ந்த சிவப்பு வந்து உதட்டில் உட்காரும்போதுதான் நமக்குத் தொழில் தெரியுமா தெரியாதா என்பது வெளியே வரும். எனக்கு வெளியே வந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ரேவதி கடைக்கு வந்தாள். மாதனூர்ப் பெண். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஃபினிஷிங் பிரிவில் ஏழு வருஷமாக வேலை. தோலுக்குக் கடைசியாக நிறம் ஏற்றி, அது சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து அனுப்புகிற இடம் அது. நல்ல கறுப்பு, நல்ல களை. நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். திறந்து பார்த்தேன். மாதுளை முத்து மாதிரி அப்படி ஒரு சிவப்பு.

"வேற இன்னா வேணும்னாலும் உங்க இஷ்டம்க்கா. உதட்டுக்கு மட்டும் இதுதான்."

"ஜாஸ்தி சிவப்பா இருக்கேம்மா. வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க. அதுக்குத்தான் மொதல்லயே உங்ககிட்ட வந்து சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டேன். வேலூரில் தோழிகளோடு போய் வாங்கிய லிப்ஸ்டிக்காம். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போட்டுக்கொள்வாள். நாள் முழுக்க அந்தச் சிவப்போடு வேலை செய்வாள். சாயங்காலம் ஊர் வருவதற்குள் துடைத்துவிடுவாள்.

"நான் மறந்துட்டாலும் தோஸ்துங்க வுட மாட்டாளுங்க. 'மாதனூர் வந்துடுச்சுடி, துடை!'ன்னு பஸ்ஸு மொத்தமும் கத்தும். அஞ்சு வருஷமா இதே கூத்துதான்" என்றாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவரும் அதே பஸ்தான்க்கா. விரிஞ்சிபுரத்துக்காரரு. என்னை மொதல்ல பாத்ததே இந்தக் கலர்லதான். நான் துடைக்கிறப்போ மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு." சொல்லும்போது வெட்கப்பட்டாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "கறுப்புத் தோலுக்குச் சிவப்பு எடுக்காதுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டுப் பேஜாராயிடுச்சு. ஒரே ஒரு நாள் எங்க ஊர் ஜனங்க முன்னாடி துடைக்காம நிக்கணும். அவ்ளோதான்க்கா."

"நிப்பே. நான் பொறுப்பு" என்றேன். பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

ரிசப்ஷன் புடவை கத்திரிப்பூ நிறம், தங்கச் சரிகை. என் சூத்திரப்படி இமைக்கும் கத்திரிப்பூ. அன்றே ட்ரையல் போட்டுப் பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது. அவளே கண்ணாடியைவிட்டு எழுந்திருக்கவில்லை. இதையே அன்றைக்கும் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ரிசப்ஷன் நாள் வந்தது. ஆறரைக்கு மேடை. மணப்பெண் அறையில் ஒரே ஒரு ட்யூப்லைட். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டுப் புகை, அதனால் சாத்தி வைத்திருந்தார்கள். நாலரைக்கு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். மூன்று நாளாக நலங்கு வைத்து, மஞ்சளைக் குழைத்து முகம், கழுத்து, காது என்று ஒரு இடம் விடாமல் பூசியிருந்தார்கள். நலங்கு என்றால் பூசத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் ஃபவுண்டேஷன் போட்டு அந்த மஞ்சளை அடக்கினேன். இமை மென்மையான இடம், அங்கே எதற்கு அடுக்கடுக்காக என்று நேராகக் கத்திரிப்பூவை ஏற்றினேன். சொன்ன சொல் தவறாமல் உதட்டில் அந்தச் சிவப்பை வைத்தேன். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முடித்துவிட்டு, காபி கேட்டு அனுப்பினேன்.

காபிக்கு முன்னால் ரேவதியின் பெரியம்மா வந்தார். தாயில்லாப் பெண்ணை எடுத்து வளர்த்தவர். கழனி வேலை செய்து காய்த்த கை, ஓங்கிய குரல். உள்ளே வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"அய்யய்யோ! இன்னாடி இது? யாரோ கண்ணுல குத்துன மாதிரி இருக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இரண்டு இமையும் அடிபட்டுக் கன்றிப்போனது மாதிரி இருந்தது. ஒன்றரை மணி நேரமாக முகத்துக்கு அரை அடி தூரத்தில் நின்றுகொண்டு நான் அதைப் பார்க்கவில்லை.

"எல்லாம் இந்த எழவு சிவப்பாலதான்" என்றார் பெரியம்மா. "நான் எத்தினி வாட்டி சொன்னேன்? கறுப்புப் பொண்ணுக்குச் சிவப்பு எடுக்குமா? பார்லரம்மா, மொதல்ல அதைத் துடை. நீ துடைக்கிறியா, நான் துடைக்கட்டுமா?" சொல்லிக்கொண்டே வாளித் தண்ணீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கையில் எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். கெட்டுப்போனது கண். கண்ணைப் போட்டவள் நான். ஆனால் பழி லிப்ஸ்டிக் மேல் விழுந்தது, அதைக் கொண்டுவந்தவள் அந்தப் பெண். எனக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! "ஆமாம்மா, நான் அப்பவே ஜாஸ்தின்னு சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உதட்டைத் துடைத்து ரோஸ் போட்டால் முகம் ஒரு மாதிரி ஒப்பேறிவிடும், என் பெயரும் தப்பித்துவிடும். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மறுத்தும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு பஞ்சை எடுத்தேன். அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ரேவதி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை மருந்துக்கு வாயை மூடிக்கொள்ளுமே, அப்படி. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்க்கா. ஷேடு தப்புன்னு யாராவது சொன்னா ட்யூப்லைட்ல வெச்சுப் பாக்கக் கூடாது. எங்க செக்ஷன்ல வெளிச்சத்துக்கு எடுத்துனு போய்த்தான் பாப்போம்."

போய் ஜன்னலைத் திறந்தாள். புகையும் சாம்பார் வாசனையும் உள்ளே வந்தன, கூடவே சாயங்கால வெளிச்சமும் வந்தது. அந்த வெளிச்சத்தில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் முகத்தையே யாரோ கொண்டுவந்து கொடுத்த தோல் துண்டு மாதிரிப் பார்த்தாள். இமையை ஒரு விரலால் லேசாக ஒற்றி, விரலைப் பார்த்தாள்.

"உதட்டுல தப்பு இல்லக்கா. இங்க பாருங்க, அடியில மஞ்சள் நிக்குது. அதும் மேல நீங்க கத்திரிப்பூ அடிச்சிருக்கீங்க. ரெண்டும் சண்டை போட்டுக் கன்னிப்போச்சு. எங்க லைன்ல இப்படி ஆச்சுன்னா மேல மேல ஸ்ப்ரே அடிக்க மாட்டாங்க. துடைச்சுட்டு அடிக்கலரைப் பாத்துத்தான் மறுபடி ஆரம்பிப்பாங்க."

பன்னிரண்டு வருஷ சர்வீஸ்காரி நான். ட்ரையல் அன்றைக்கு மஞ்சள் இல்லாத முகம், இன்றைக்கு மஞ்சள் ஊறிய முகம் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோலுக்கு நிறம் பார்க்கிற பெண் ஒரு விரலில் கண்டுபிடித்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லவேளை, அந்த வெட்கத்திலேயே எனக்கு வாயும் திறந்தது.

"பெரியம்மா, தப்பு என்னுது" என்றேன். "லிப்ஸ்டிக் மேல ஒண்ணும் இல்ல. கண்ணுக்கு நான்தான் தப்பான கலர் போட்டுட்டேன். நீங்க லிப்ஸ்டிக்கைத் திட்டினப்போ நான் சும்மா நின்னேன், அதுவும் தப்பு."

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு எடத்துலேர்ந்து வந்து இவளைப் பாத்துட்டு, கலர் கம்மின்னு சொல்லிட்டுப் போனாங்கம்மா. மூணு வாட்டியும் இவ உள்ள போய் பாத்திரம் கழுவுனா, நான் வெளிய நின்னு கேட்டுக்கினேன். இப்ப மேடையில நாலு பேரு சிரிச்சா எனக்குத் தாங்காது."  துண்டை இன்னொரு தடவை பிழிந்தார். "கண்ணைச் சரி பண்ணு. அப்பவும் எனக்குப் புடிக்கலன்னா நானே துடைச்சிடுவேன். எவ தடுத்தாலும் வுட மாட்டேன்."

ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மணி ஆறு ஐந்து.

இமையை எண்ணெய் தொட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசை போக ஒற்றி எடுத்தேன். சுத்தமான இமை. அதில் மெல்லிய மஞ்சள் இன்னும் இருந்தது. தேய்த்து எடுக்கப் பார்த்தால் தோல் சிவந்துவிடும். இப்போது எதைப் பூசுவது? பெட்டியைத் திறந்தேன். எல்லாம் புடவைக் கலர். பச்சையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். சிவப்பு உதட்டோடு பச்சை இமை சேர்ந்தால் கூத்துக்காரி மாதிரி ஆகிவிடும். ரோஸ் வைத்தால் அழுத கண்ணாகத் தெரியும். நீலத்தை நினைக்கவே பயமாக இருந்தது. ஒன்றுமே பூசாமல் மை மட்டும் தீட்டி அனுப்பலாமா என்றால், அந்தச் சிவப்பு தனியாக முன்னால் வந்து நிற்கும், பெரியம்மா துண்டோடு எழுந்துவிடுவார். வெளியே போட்டோகிராபர் கதவைத் தட்டினார். "வர்றோம் இருப்பா!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அந்த ஆள் என்ன செய்வார்.

அப்போதுதான் பெட்டியின் ஓரத்தில் அந்தப் பழுப்பைப் பார்த்தேன். வாங்கி ஒரு வருஷம் ஆகியும் விரல்கூட வைக்காத கட்டம். செருப்புக் கலரை யார் கண்ணுக்குப் போடுவார்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் இமையைப் பார்த்தேன், பழுப்பைப் பார்த்தேன். மஞ்சளோடு சண்டை போடாத நிறம், கறுப்போடும் சண்டை போடாத நிறம். இரண்டுக்கும் நடுவில் பிறந்தது மாதிரி இருந்தது. ஆனாலும் எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை ரேவதியிடம் நீட்டினேன்.

"இதுக்கு இன்னா சொல்றே?"

எட்டிப் பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது. "அய்ய, இது டான்க்கா! எங்க செருப்புத் தோலுக்கு அடிக்கிற டான் கலரு! ஏழு வருஷமா இதைத்தானே பாத்துனு இருக்கேன். எந்தக் கலர் பக்கத்துல வெச்சாலும் நிக்கும். சிவப்புப் பக்கத்துல வெச்சா சிவப்பு இன்னும் நல்லா எழும்பும்."

கேட்ட பிறகு நான் தயங்கவில்லை. பழுப்பை இமை முழுக்கப் பரப்பி, ஓரம் தெரியாமல் மேலே கரைத்தேன். இமை நடுவில் மட்டும் சரிகையின் தங்கத்துக்குச் சமமாக ஒரு துளி தங்கப்பொடி. இமையோரம் மெல்லிய மை. அவ்வளவுதான். உதட்டை நான் தொடவே இல்லை. பின்னால் நகர்ந்து நின்று, அவளை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

என்னத்தைச் சொல்வேன்! அரை மணிக்கு முன்னால் முகத்தில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த அதே சிவப்பு இப்போது அவளுடையதாகவே இருந்தது. கண் எங்கும் ஓடி ஒளியவில்லை, உதட்டோடு போட்டிக்கும் வரவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்து வாழ்ந்தன. கறுப்பு கறுப்பாகவே ஜொலித்தது. என் கையால் ஆயிரம் முகத்துக்கு அலங்காரம் செய்திருக்கிறேன், அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

பெரியம்மா எழுந்து வந்தார். கையில் ஈரத் துண்டு. ரேவதி அசையாமல் நின்றாள், இந்தத் தடவை உதட்டை மடித்துக்கொள்ளவில்லை. பெரியம்மா அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க அக்கம்பக்கத்துல ஒருத்திகூட இப்படி இருந்ததில்லடி" என்றார். பிறகு அந்த ஈரத் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் இன்னா நின்னுனு இருக்கே? போ, மாப்பிள்ளை காத்துனு இருக்காரு."

மேடையோரம்வரை நான் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் ஊர்க்காரர்கள், பின்னால் கம்பெனி பஸ் ஒன்று மொத்தமாக இறக்கிவிட்டிருந்த தோழிகள். ரேவதி மேடையில் ஏறி விளக்கு வெளிச்சத்தில் திரும்பினாள். முன்வரிசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்:

"மாதனூர் வந்துடுச்சுடி, துடை!"

பஸ் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ரேவதி கையை மெல்லத் தூக்கி உதட்டருகே கொண்டுபோனாள். ஐந்து வருஷப் பழக்கம், துடைத்தே விடுவாளோ என்று பயந்துபோனேன். விரல் நுனி உதட்டைப் பட்டும் படாமல் தொட்டது. அங்கிருந்து கையை எடுத்து, மாதனூர் ஜனங்கள் தலைக்குமேல், தன் தோழிகளுக்கு ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டாள்.

"அடிப்பாவி!" என்றார் என் பக்கத்தில் நின்றிருந்த பெரியம்மா. சொல்லிவிட்டு, எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவரும் அவர்தான்.